லேட்டாக வந்தவர் பாத்திரம் கழுவ வேண்டும்

பிப்ரவரி 3

அன்புள்ள வாத்தியாருக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். ஆஸ்பத்திரிக்குள்ளேயே அறை கொடுத்திருக்கிறார்கள். ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு தட்டு, ஒரு டம்ளர். ஜன்னலைத் திறந்தால் ஜெனரேட்டர் சத்தம், மூடினால் புழுக்கம். நீங்களாக இருந்தால் எதில் நஷ்டம் குறைவு என்று ஒரு கட்டுரை எழுதியிருப்பீர்கள். நான் பாதி திறந்து வைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறேன்.

போனில் பேசினால் நமக்குச் சண்டையில்தான் முடிகிறது. அதனால்தான் கடிதம். எழுதும்போது குறுக்கே பேச முடியாது பாருங்கள்.

வேலை அதேதான். பக்கவாதம் வந்தவர்களை எழுப்பி நிற்க வைத்து, நடக்கப் பழக்குவது. சாயங்காலம் ஆனால் என் இடுப்பு என்னுடையதாக இல்லை. ஒரு பஸ் டிரைவர் இருக்கிறார், ரிட்டையர் ஆனவர். இடது கால் விழுந்துவிட்டது. "கிளட்ச் காலும்மா இது, முப்பது வருஷமா மிதிச்சு மிதிச்சு தேஞ்சுபோச்சு, வேற மாத்திக் குடு" என்கிறார். சிரிக்கக்கூடத் தெம்பு இல்லை.

ஒரு விஷயம். ஒப்புக்கொண்டு வந்த ஆறு மாதம் முடிந்த பிறகு இன்னும் இரண்டு வருஷம் இருக்க முடியுமா என்று பெரிய டாக்டர் கேட்கிறார். மே மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். என்ன சொல்லட்டும்?

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
மேடம்
(நீங்கள் கோபத்தில் கூப்பிடுவீர்களே, அந்த மேடம் இல்லை)


பிப்ரவரி 19

அன்புள்ள மேடம்,

கடிதம் கிடைத்தது. வீடு கிடக்கிறது. நான் இப்போதெல்லாம் ஆறு மணிக்கே வந்துவிடுகிறேன். ஏன் என்று தெரியவில்லை, வந்து செய்வதற்கு ஒன்றும் இல்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். சம்பளம், அனுபவம், உன் உடம்பு, நம் வீடு எல்லாவற்றையும் நீயே எடை போட்டுப் பார். நான் வாய் திறக்கமாட்டேன். நான் "வந்துவிடு" என்றால் எனக்காக வருவாய். பிறகு அங்கே இழந்ததையெல்லாம் என் தலையில் கட்டுவாய். நான் பேசாமல் இருந்தால் நீ எதைத் தேர்ந்தெடுக்கிறாயோ அதுதான் உன் உண்மையான விருப்பம். ஒரு மனிதருக்கு என்ன வேண்டும் என்பதை அவர் சொல்வதில் பார்க்காதே, செய்வதில் பார் என்று வருஷா வருஷம் காலேஜில் பொருளாதாரத்தின் முதல் நாள் வகுப்பில் நான்தானே சொல்லிக்கொடுக்கிறேன்.

பத்திரிகைக் கட்டுரை ஓடிக்கொண்டிருக்கிறது. மருந்துக்கடைகள் ஏன் எல்லாம் ஒரே தெருவில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன என்று போன வாரம் எழுதினேன். அடுத்தது நம் வீட்டு விதி. எட்டு மணிக்கு மேல் வீடு திரும்புகிறவர் அன்றைய பாத்திரம் முழுவதையும் கழுவ வேண்டும் என்று வைத்தோமே, அது. அதற்குப் பிறகு நம் வீட்டில் தாமதத்துக்காக ஒரு சண்டைகூட வந்ததில்லை, கவனித்தாயா? பெயர் போடவில்லை, பயப்படாதே.

அன்புடன்
வாத்தியார்


மார்ச் 14

அன்புள்ள வாத்தியாருக்கு,

கட்டுரை படித்தேன். நான் மட்டும் இல்லை, எங்கள் ஓய்வறையில் ஒரு நர்ஸ் சத்தம் போட்டே படித்தாள். யார் வீடு என்று எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள். "உங்க வீட்டுக்காரர் தங்கம்க்கா. எங்க வீட்டுல அந்த ஆளு கை கழுவத்தான் தொட்டிப் பக்கமே வருவாரு" என்றாள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். அறைக்கு வந்து உட்கார்ந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

சண்டை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வாஸ்தவம்தான். அதற்கு முன்னால் எப்படி இருந்தது என்பதை எழுத விட்டுவிட்டீர்கள். லேட்டாக வந்தால் வாசலிலேயே நிற்பீர்கள். செருப்பைக்கூடக் கழற்றாமல், "கோச்சுக்காதே, பிரின்சிபால் பிடிச்சுக்கிட்டார்" என்பீர்கள். பாதி நாள் அது புளுகு என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த முகத்தைப் பார்த்தால் கோபம் போய்விடும். விதி வந்த பிறகு நேராகத் தொட்டிக்குப் போனீர்கள். பாத்திரம் பளபளவென்று இருந்தது. நீங்கள் லேட்டாக வருவது வாரத்தில் ஒரு நாள் இரண்டு நாளாகி, அப்புறம் தினமும் ஆனது. அபராதம் கட்டியாகிவிட்டது, இனி யாருக்கு என்ன பாக்கி என்பதுபோல.

போன வருஷம் மார்பில் கட்டி என்று பரிசோதனைக்குக் கொடுத்தேனே, அதன் ரிப்போர்ட் வரும் நாள். ஆறு மணிக்கு வாருங்கள் என்று காலையில் சொன்னேன். நான் அதைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்பதுக்கு வந்தீர்கள். என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. நேரே அடுப்படிக்குப் போய், அடிப்பிடித்த பால் சட்டியைக்கூட விடாமல் தேய்த்து வைத்துவிட்டு, பாட்டு முணுமுணுத்துக்கொண்டே போய்ப் படுத்துவிட்டீர்கள். நான் தனியாகப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை என்று போட்டிருந்தது. மறுநாள் நீங்கள் கேட்டபோது "ஒண்ணுமில்லையாம்" என்றேன். அவ்வளவுதான்.

எனக்குப் பாத்திரம் கழுவ ஆள் வேண்டாம். நான் காத்திருந்தது உங்களுக்கு உறுத்த வேண்டும். அது மட்டும்தான் வேண்டும்.

டாக்டருக்கு என்ன சொல்லட்டும்? இரண்டாவது தடவை கேட்கிறேன்.

உங்கள்
மேடம்


ஏப்ரல் 6

அன்புள்ள மேடம்,

விடைத்தாள் கட்டு மலையாகக் கிடக்கிறது. கண் எரிகிறது. சுருக்கமாக எழுதுகிறேன்.

அந்தச் சட்டியை முக்கால் மணி நேரம் தேய்த்தேன். விரல் தோல் உரிந்தது. அதை நீ ஏன் அன்பு என்று எடுத்துக்கொள்ளவில்லை? வாசலில் நின்று புளுகுவதற்குச் செலவு ஒன்றும் இல்லை. சட்டி தேய்ப்பதற்கு உண்டு. எதை நம்புவது? ரிப்போர்ட்டை மடியில் வைத்திருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

முடிவு உன்னுடையது. அதில் மாற்றம் இல்லை.

அன்புடன்
வாத்தியார்


ஜூன் 1

அன்புள்ள வாத்தியாருக்கு,

நேற்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். இரண்டு வருஷம்.

கோபம் இல்லை. கோபப்படத் தெம்பு வேண்டாமா? கடைசி நாள் வரைக்கும் தபால் பெட்டியைப் பார்த்தேன். அப்புறம் டாக்டர் அறைக்குப் போனேன். இதுதான் என் உண்மையான விருப்பம் என்று வகுப்பில் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் "வா" என்றிருந்தால் வந்திருப்பேன், இழந்ததை உங்கள் தலையிலும் கட்டியிருப்பேன். குடும்பம் என்றால் அப்படித்தானே இருக்கும்.

டிரைவர் இப்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு வராண்டா முழுக்க நடக்கிறார். அவர் சம்சாரம் தினமும் நாலு மணிக்கு வருகிறார், ஒரு நாள் தவறியதில்லை. ஆனாலும் இவர் மத்தியானமே போன் போட்டு, "இன்னைக்கு வர்றியா?" என்று கேட்பார். "அவங்கதான் தினம் வர்றாங்களே, எதுக்குக் கேட்டு உயிரை வாங்குறீங்க?" என்றேன். "கேக்காம எப்படிம்மா? அவ என்ன பஸ்ஸா, டைமுக்கு வந்து நிக்க?" என்று என் மேலேயே எரிந்து விழுந்தார்.

பச்சைப் பெட்டியில் உங்கள் கம்பளி இருக்கிறது. மழைக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மேடம்


ஜூன் 9

மேடம்,

கம்பளி கிடைத்தது.

உன் மார்ச் மாதக் கடிதத்துக்கு நான் எழுதிய பதிலின் நகல் என்னிடம் இல்லை. ஆனால் என்ன எழுதினேன் என்று ஞாபகம் இருக்கிறது. நீ பயந்து உட்கார்ந்திருந்ததைச் சொன்னாய், நான் சட்டியின் செலவைச் சொன்னேன். நான் "வா" என்று சொல்லாதது உனக்காக இல்லை. கேட்டு, நீ வராமல் போனால் என்ன செய்வது என்று பயம். அதற்குப் பாடத்திலிருந்து ஒரு நல்ல பெயர் எடுத்து வைத்துக்கொண்டேன்.

லேட்டாகிவிட்டது. கோச்சுக்காதே. பிரின்சிபால் பிடித்துக்கொள்ளவில்லை. நான்தான் லேட். இதற்குப் பதிலாகக் கழுவுவதற்கு இங்கே பாத்திரம்கூட இல்லை, ஒரே ஒரு தட்டு.

கையெழுத்துப் போட்டது போட்டதுதான், அதைக் கிழிக்கச் சொல்லவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு நான் அங்கே வரட்டுமா? கேட்கிறேன்.

வாத்தியார்


ஜூன் 15

அன்புள்ள வாத்தியாருக்கு,

ஞாயிறு எனக்கு வார்டு. சனிக்கிழமை வாருங்கள்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு வர வேண்டாம். எனக்கு அலுப்பு இன்னும் தீரவில்லை. வாருங்கள், உட்கார்ந்து பேசலாம், அல்லது சும்மா உட்கார்ந்திருக்கலாம்.

பஸ் பன்னிரண்டுக்கு வந்துவிடும் என்கிறார்கள், எப்போதும் லேட்டுதான். லேட்டானால் வாசலில் நின்று வாயால் சொல்லுங்கள். இங்கே தட்டு ஒன்றுதான் இருக்கிறது, உங்கள் தட்டை எடுத்து வாருங்கள். சாப்பிட்டு முடித்ததும் அப்படியே வைத்துவிட வேண்டும். இரண்டையும் நான்தான் கழுவுவேன்.

உங்கள்
மேடம்