கடல் தெரியும் சின்ன அறை

ஆமெலாண்ட் தீவு,
மார்ச் 9

அன்புள்ள ஹில்காவுக்கு,

நலமாக இருக்கிறாயா? நாங்கள் இருக்கிறோம். என் முதுகுதான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு இப்போதுதான் உட்கார்ந்தேன்.

கோபன்ஹேகனில் இருந்தபடியே நம் விடுதியின் இணையப் பக்கத்தை மாற்றிக் கொடுத்தாயே, அது நன்றாகவே வேலை செய்கிறது. அதுதான் தொல்லை. முன்பு பாதிப் பேர் அந்த நீளமான படிவத்தைப் பார்த்தே ஓடிவிடுவார்கள். மிச்சப் பேர் போன் செய்வார்கள். எனக்கு அலுப்பாக இருந்தால் அறை இல்லை என்று சொல்லிவிடுவேன். உன் பக்கத்துக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் போதும், புதுப் பதிவு வந்ததென்று அப்பாவின் போன் கிணுகிணுக்கிறது. "இன்னொருத்தன் மாட்டிக்கிட்டான்டி" என்று முள்கரண்டியைக் கீழே வைக்கிறார். முதலில் சிரித்தோம். இப்போது சிரிக்கவும் தெம்பில்லை.

"பொண்ணு பெரிய படிப்பு படிச்சு அம்மாவத் துணி தொவைக்க வெச்சுட்டா" என்று எதிர்வீட்டு சீட்ஸ்கா கிண்டல் செய்கிறாள். அவள் வாய் உனக்குத் தெரிந்ததுதானே.

வரும் இருபத்தெட்டாம் தேதி அப்பாவுக்கு எழுபது வயது. வருகிறவர்கள் உட்காரக் கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட வேண்டும், ஆப்பிள் கேக் செய்ய வேண்டும். நீ வருவாயா என்று அவர் கேட்பதில்லை. "ஒரு நாற்காலி கூடப் போடட்டுமா?" என்றுதான் கேட்கிறார். நீ வந்து மூன்று வருடம் ஆகிறது. வேலை முடிந்தால் பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். உன் 'பார்க்கிறேன்' எனக்குப் பழகிப்போனதுதான்.

"சும்மா கெடக்குற என் ரூமையும் போட்டுடலாம்மா" என்று நீதானே அதைக் கடல் தெரியும் சின்ன அறையாக்கி இணையப் பக்கத்தில் சேர்த்தாய்? நேற்றுப் பார்த்தேன். அப்பா பிறந்தநாளுக்கு மற்ற அறைகளெல்லாம் போய்விட்டன. 'ஒரே ஓர் அறைதான் மீதி, ஐந்து பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்' என்று சிவப்பு எழுத்தில் வந்தது. நீ எழுதி வைத்ததுதான் என்று தெரியும். இருந்தாலும் அப்பாவின் வங்கி அட்டையை எடுத்து, உன் பெயரில் நானே பதிவு செய்துவிட்டேன். எங்கேயும் தடுமாறவில்லை. நன்றாகத்தான் செய்திருக்கிறாய், கண்ணு.

அப்புறம்தான் அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். ரத்து செய்ய முடியாது என்று போட்டிருக்கிறாய்.

வந்துவிடு.

முத்தங்களுடன்,
அம்மா