ஒரு பை ரத்தமும் பன்னிரண்டரைச் சுற்றும்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் கம்பெனியில் ரத்ததான முகாம் வைத்திருந்தார்கள். பேக்கிங் பிரிவில் நான் நிற்கும் மேஜைகளையெல்லாம் சுவரோரம் தள்ளிவிட்டு நான்கு கட்டில் போட்டிருந்தார்கள். கதவைத் திறந்ததுமே ஸ்பிரிட் வாசனை. உடனே உன் கைதான் ஞாபகத்துக்கு வந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் உன் அப்பாவுக்காக என் கையில் ஊசி ஏறும்போது நான் பிடித்துக்கொண்டிருந்த, வியர்த்துச் சில்லிட்டிருந்த உன் கை. நீ போய் நான்கு மாதம் ஆகிறது. காலாப்பட்டு ரோட்டில் அந்த லாரி உன் ஸ்கூட்டரை இடித்த நாளிலிருந்து எந்த வாசனையும் உன்னிடம்தான் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தது. அதனால் அன்றைக்கும் நான் ஆச்சரியப்படவில்லை. பேர் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்தேன்.

பக்கத்துக் கட்டிலில் எங்கள் லோடிங் பிரிவு ஆள் ஒருவர். கால்பந்து ஆடுகிறவர். "ஞாயித்துக்கிழமை மேட்ச் இருக்கு சிஸ்டர், ஆடலாம்ல?" என்று கேட்டார்.

முகாமுக்கு வந்திருந்த நர்ஸ் பொறுமையாகச் சொன்னாள். "ஆடலாம். ஆனா சீக்கிரம் மூச்சு வாங்கும். ரத்தத்துல இருக்கற தண்ணி ரெண்டு நாள்ல திரும்பிடும். ஆக்சிஜனத் தூக்கிட்டுப் போறது சிவப்பணு. அது பழையபடி ஆவ மூணு வாரம், நாலு வாரம் ஆவும். பொம்பளைங்களுக்கு இரும்புச்சத்து கம்மியா இருந்தா இன்னும் கூட ஆவும். வெயிட் தூக்கறதுல அவ்ளோ தெரியாது. ரொம்ப நேரம் ஓடறவங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்."

என் கையிலிருந்து குழாயில் ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. நான் தலையைத் திருப்பிக் கேட்டேன்: "ரத்தம் குடுத்து ஒம்பதாவது நாள் ஐயாயிரம் மீட்டர் ஓடினா என்ன ஆவும் சிஸ்டர்?"

"ஏன் ஓடணும்?" என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதுவிட்டேன். வலிக்கிறதா என்று பதறினாள். வலியில்லை. ஏழு வருஷமாக என் மூச்சைத்தான் நான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அது என் மூச்சின் குற்றமில்லை என்று ஒருத்தி வந்து சொல்கிறாள். அந்தக் கட்டிலில் படுத்தபடி நான் நினைத்தது என்ன தெரியுமா? "அடிப்பாவி, நமக்கு இது தெரியாமப் போச்சே" என்றுதான். நமக்கு என்று உன்னையும் சேர்த்துத்தான் நினைத்தேன்.

நாம் ஓடிய வருஷங்களை நினைத்துப் பார்க்கிறேன். விடிந்ததும் நீ வைத்திக்குப்பத்திலிருந்து வருவாய், நான் மூலக்குளத்திலிருந்து சைக்கிளில் வருவேன். கடற்கரை ரோட்டில் வண்டிகள் வருவதற்குள் நான்கு முறை போய்த் திரும்பிவிடுவோம். நான் இருபது முப்பது மீட்டர் முன்னால், நீ பின்னால். எப்போதும் அப்படித்தான். "உன் முதுகப் பாத்தே என் கண்ணு கெட்டுப்போச்சுடி" என்பாய். பெண்கள் கூட்டமாய் நடப்பதற்கே திரும்பிப் பார்க்கிற ஊரில், அரைக்கால் சட்டையோடு ஓடும் இரண்டு பெண்கள். ஒருத்தி இல்லாமல் இன்னொருத்தி ஓடியிருக்க மாட்டோம். அது நிஜம். இன்றைக்கும் அதை நான் மறுக்க மாட்டேன்.

ஏழு வருஷத்துக்கு முன்னால், அந்த வருஷம் புதுச்சேரி அணிக்கு ஐயாயிரம் மீட்டரில் ஒரே ஒரு பெண்ணைத்தான் எடுப்பதாகச் சொன்னார்கள். அணியில் போய் வந்த சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசாங்க வேலைக்கு வழி உண்டு. எங்கள் அம்மா எனக்கு அதுவரைக்கும்தான் தவணை கொடுத்திருந்தாள். "இதுல வந்தா ஓடு. வரலன்னா ஷூவக் கழட்டி வச்சிட்டு வேலைக்குப் போ. அப்பா இல்லாத வீடு இது" என்று சொல்லிவிட்டாள். அது உனக்கும் தெரியும். எங்கள் வீட்டுச் சமையல்கட்டில் உட்கார்ந்து என் அம்மா சுட்ட தோசையைத் தின்றுகொண்டே நீயும் அதைக் கேட்டாய்.

அணித் தேர்வு ஓட்டத்துக்குப் பத்து நாள் இருக்கும்போதுதான் உன் அப்பாவுக்கு வயிற்றுப்புண் வெடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தீர்கள். ஆபரேஷனுக்கு ரத்தம் வேண்டும், யாராவது கொடுத்தால்தான் பாட்டில் தருவோம் என்று சொல்லிவிட்டார்கள். உன் அண்ணன் ஒரு பை கொடுத்திருந்தான். இன்னொன்று வேண்டும். மறுநாள் காலையில் நீ எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாய். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"எனக்கு ரத்தம் கம்மியாம்டி. டெஸ்ட் பண்ணிட்டு வேணான்னுட்டாங்க. உங்கிட்ட கேக்காம நான் யாருகிட்ட போயி கேப்பேன்?"

"ஓட்டம் இருக்கேடி..." என்று நான் இழுத்தேன். ஞாபகம் இருக்கிறதா? நான் கேட்டேன். அந்த ஒரே ஒரு கேள்வியை நான் கேட்டேன்.

"ஒரு பைதான். ரெண்டு நாள்ல ஊறிடும். நான் நல்லா விசாரிச்சிட்டேன்."

நல்லா விசாரிச்சிட்டேன். நீ சொன்னதிலேயே அந்த ஒரு வார்த்தை மட்டும்தான் உண்மை என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

கொடுத்துவிட்டு எழுந்ததும் நீயே எனக்கு இளநீர் வாங்கி வந்து வாயில் வைத்தாய். மூன்றாம் நாள் கடற்கரையில் பயிற்சிக்கு வந்தேன். இரண்டாவது சுற்றிலேயே நெஞ்சு படபடவென்று அடித்தது. காலில் வலியே இல்லை, ஆனால் காலுக்கு ஏதோ போய்ச் சேரவில்லை. காந்தி சிலைக்குப் பக்கத்தில் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "மூச்சு பத்தலடி" என்றேன். நீ என் முதுகைத் தடவினாய்.

"அது பயம். மனசுல போட்டுக்காத. ரெண்டு நாள் படுத்து எழுந்திரு, சரியாயிடும்."

நான் நம்பினேன். பயம்தான் என்று நம்பினேன். பயந்ததற்காக என்னையே திட்டிக்கொண்டேன்.

ஓட்டத்தன்று முதல் நான்கு சுற்று நான்தான் முன்னால். வழக்கமான வேகம்தான். ஐந்தாவதில் காதுக்குள் இதயம் அடிக்க ஆரம்பித்தது. ஆறாவதில் தரை மேடாகிவிட்ட மாதிரி இருந்தது. வாயைத் திறந்து எவ்வளவு காற்றை இழுத்தாலும் உள்ளே எதுவும் நிற்கவில்லை. ஏழாவது சுற்றின் வளைவில் உன் காலடிச் சத்தம் கேட்டது. எத்தனையோ வருஷம் என் பின்னாலேயே கேட்ட சத்தம், முதல் தடவையாக என் பக்கத்தில் வந்தது. தாண்டும்போது ஒரு நொடி என்னைத் திரும்பிப் பார்த்தாய். என்மேல் இரக்கப்பட்டாய் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு பேர் தாண்டினார்கள். நான் நிற்கவில்லை. ஐயாயிரம் மீட்டருக்கான பன்னிரண்டரைச் சுற்றையும் ஓடித்தான் முடித்தேன். முடித்து வெளியே போய் வாந்தியெடுத்தேன். நீ ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாய். "நீதான்டி ஜெயிச்சிருக்கணும்" என்றாய். உன்னை நான்தான் தேற்றினேன். இதை இன்னொரு தடவை எழுதிப் பார்க்கிறேன். உன்னை நான் தேற்றினேன்.

நீ அணியில் போனாய். இரண்டு வருஷத்தில் வேலையும் வந்தது. முதல் நாள் ஸ்வீட் பாக்கெட்டோடு எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாய். நான் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு சோப்பு அட்டைப்பெட்டி ஒட்டப் போனேன். கம்பெனியில் யாருக்கும் நான் ஓடினவள் என்று தெரியாது. சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது? நல்ல நாளில் ஓடத் தெரியும், முக்கியமான நாளில் பயந்துவிடுவேன். அப்படித்தான் என்னைப் பற்றி எனக்கே ஒரு முடிவு இருந்தது. அதோடுதான் கல்யாணப் பேச்சுக்கு உட்கார்ந்தேன், அதோடுதான் சூப்பர்வைசர் வேலைக்கு எழுதிக் கொடுக்காமல் ஒதுங்கினேன். "எனக்கு அவ்வளவுதான் மூச்சு" என்று எதற்கெடுத்தாலும் சொல்வேன். உன் முன்னாலேயே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். நீ ஒருமுறைகூட மறுத்துப் பேசியதில்லை. தலையைக் குனிந்துகொள்வாய்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நேராக வைத்திக்குப்பம் போனேன். உன் அப்பாவிடம் அந்த நர்ஸ் சொன்னதைச் சொல்லத்தான் போனேன். அவர் உன்னைப் பற்றிப் பேச ஆள் கிடைக்காமல் தவிக்கிறார். பழைய கதை எதையாவது சொன்னால் முகம் கொஞ்சம் தெளியும். அவருக்குக் கொடுத்த ரத்தம்தானே, கேட்டால் சிரிப்பார் என்று நினைத்தேன். உன் போட்டோவில் குட்டி பல்பு எரிந்துகொண்டிருந்தது. உன் அம்மா டீ போட்டுக் கொடுத்தாள்.

"ரத்தம் குடுத்தா ஒரு மாசத்துக்கு ஓட்டத்துல வேகம் வராதாம்பா. நர்ஸ் சொல்றாங்க. இத்தன வருஷம் எனக்குத் தெரியாது" என்றேன்.

"ஆமாம்மா ஸ்டெல்லா. பாப்பா அப்பவே சொல்லுச்சே."

டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

"நான்தான் மொதல்ல கேட்டேன். வெளி ஆளுகிட்ட ஏன் போவணும், பெத்த பொண்ணு நீ குடேன்னு. அங்க இருந்த நர்ஸம்மாகிட்ட போயி விசாரிச்சிட்டு வந்துது. 'ஒரு மாசத்துக்கு மூச்சு பத்தாதாம்பா, அடுத்த வாரம் செலக்சன்'னு காலப் புடிச்சிக்கினு அழுதுச்சு. சரி வுடு, கொழந்த ஓடட்டும்னுட்டேன். அப்புறம்தான் உன்னக் கூட்டியாந்துது."

"டெஸ்ட் பண்ணாங்களாப்பா அவளுக்கு? ரத்தம் கம்மின்னு..."

"அதெல்லாம் ஒண்ணும் பண்ணல. கைல ஊசியே படல. நீயாத்தான் குடுக்கறேன்னு நின்னியாமே. கால்ல அடிபட்டு உனக்கு அந்த வருசம் ஓட்டம் இல்லன்னு சொல்லுச்சு. உன் புண்ணியத்துலதான் நான் பொழச்சேன்னு தெனமும் நெனப்பேம்மா."

உன் போட்டோவைப் பார்த்தேன். மெடலோடு நிற்கிற அதே போட்டோவைத்தான் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள்.

என்னிடம் ஒரு பொய், அவரிடம் ஒரு பொய். இரண்டும் ஒன்றையொன்று சந்திக்காமல் ஏழு வருஷம் பார்த்துக்கொண்டாய். நீ கொடுக்காமல் விட்டதுகூட எனக்குக் கோபமில்லை. உனக்கும் வீட்டில் கஷ்டம், உனக்கும் அந்த ஓட்டம் வேண்டியிருந்தது. உண்மையைச் சொல்லிக் கேட்டிருந்தால் நான் கொடுத்திருப்பேனா? தெரியவில்லை. கொடுத்திருப்பேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது, ஆனால் எனக்குத் தெரியாது. ஒரு பக்கம் உன் அப்பா, ஒரு பக்கம் என் ஓட்டம் என்று நானே நின்று முடிவு செய்திருந்தால் நான் யார் என்று எனக்குத் தெரிந்திருக்கும். அதையும் நீ எடுத்துக்கொண்டாய். மூச்சு பத்தவில்லை என்று நான் நின்றபோது, முதுகைத் தடவிக்கொண்டே, பயம் என்று சொன்னாய் பார், அதை என்ன செய்வது?

அதைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று இருக்கிறது. எங்கள் அம்மா படுத்த படுக்கையாய்க் கிடந்தபோது லீவு போட்டுவிட்டு வந்து துணி துவைத்துக் கொடுத்தாயே, அது அன்பா? என் பிறந்தநாளுக்கு ஷூ வாங்கி வந்து "மறுபடி ஓடுடி" என்றாயே, அது என்ன? ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எங்கள் வீட்டுக் குடிலுக்கு நட்சத்திரம் கட்ட நீதான் வருவாய். அப்போதெல்லாம் சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்ப்பாய். சொல்ல வந்தாயா? எது பாசம், எது உறுத்தல் என்று இப்போது என்னால் பிரித்தெடுக்க முடியவில்லை. நடந்த ஒரு ஓட்டம் மட்டும் என்றால் விட்டுவிடலாம். அதற்குப் பின்னால் வந்த எல்லா நல்ல நாளையும் நான் திரும்பவும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியிருக்கிறது. நான்கு மாதம் உனக்காக அழுதேன். இப்போது அந்த அழுகையையே யாரோ ஏமாற்றி வாங்கின மாதிரி இருக்கிறது.

நான் டீயைத் தொடாமல் உன் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு உன் அப்பாவுக்கு ஏதோ தட்டியிருக்க வேண்டும். மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா... நீயும் அன்னைக்கு ஓடினியா?"

அவர் கை அவருடைய வயிற்றின்மேல் இருந்தது, அந்த ஆபரேஷன் தழும்பின்மேல். உன் அம்மா வாசல் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர்களுக்கு இப்போது இருப்பது நீ விட்டுப்போன பேர் ஒன்றுதான். என் வாயில் ஆமாம் என்ற சொல் வந்து நின்றது. ஏழு வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு என்ன நடந்தது என்று சொல்லிவிடலாம். நான் பயந்தவள் இல்லை என்று ஒரு ஆளிடமாவது சொல்லிவிடலாம்.

"இல்லப்பா. எனக்குக் கால்ல அடி. நான் ஓடல" என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டார். "அதான பாத்தேன். பாப்பா அப்படிப் பண்ணாது" என்றார்.

வெளியே வந்து படகுகளுக்கு நடுவே மணலில் கொஞ்ச நேரம் நின்றேன். உன்னைக் கத்தித் திட்டவேண்டும் போலிருந்தது. மீன் விற்றுக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள். வந்துவிட்டேன்.

உன் பொய்யை இனிமேல் நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். உன் அப்பா இருக்கும்வரை அதைச் சுமப்பேன். உனக்காக இல்லை. உன்னை இன்னும் மன்னிக்கவில்லை, மன்னிப்பேனா என்றும் தெரியாது.

ஆனால் நான் ஓடினேன்டி. ஒரு பை ரத்தம் குறைந்த உடம்போடு, தரை மேடாகிப் போன மைதானத்தில், நிற்காமல் பன்னிரண்டரைச் சுற்றும் ஓடினேன். அது எவ்வளவு பெரிய காரியம் என்று அன்றைக்கு அந்த மைதானத்தில் தெரிந்திருந்தவள் நீ ஒருத்திதான். இப்போது நீயும் இல்லை.