ஏழு பேருக்கு ஒரே நெஞ்சு

தங்கவயல் மண்ணுக்குக் கீழே பாதி ஆயுளைக் கழித்த என் நைனாவுக்கு,

நீ போன பிறகு சுரங்கத்தையும் மூடிவிட்டார்கள். அம்மாவும் நானும் இப்போது பெங்களூரில், ஆடுகோடியில் இருக்கிறோம். சமூகப்பணிப் படிப்பை முடித்துவிட்டேன். உன்னோடு இறங்கியவர்கள் வீட்டுக்கு வீடு இருமிக்கொண்டிருக்கிறார்கள். யாருக்கு என்ன நோய் என்று எழுதி வைக்கத்தான் ஆள் இல்லை. அதை ஆராய்ந்து எழுத நிதி கேட்டு மல்லேஸ்வரத்தில் ஓர் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தேன்.

ஆதாரம் இணைக்கச் சொன்னார்கள். டிரங்குப் பெட்டியில் நீ பத்திரமாக வைத்திருந்த உன் பெயர் போட்ட எக்ஸ்ரேயை இணைத்தேன். நீ மூச்சுக்குத் தவித்துச் செத்ததைப் பார்த்தவள் நான். அந்தப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நேர்காணலில் இருந்த டாக்டரம்மா தூக்கிப் பார்த்தார். "ஏம்மா, இந்த லங்ஸைப் பாத்தா எனக்கே பொறாமையா இருக்கு. காலர் எலும்பு ஒரு தடவ உடைஞ்சு கூடியிருக்கு, அவ்ளோதான். இதுக்கா ஃபண்டு கேக்கறீங்க?" பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். பத்து நாளில் சரியான ஆதாரம் தராவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி.

நைனாவுக்கு எப்போது எலும்பு உடைந்தது என்று அம்மாவிடம் கேட்டேன். அரிசி களைந்துகொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "அது உங்க நைனா நெஞ்சு இல்லடி. சின்னப்பன் மாமாவோடது."

மாமா இங்கேதான் ஒரு பட்டறையில் வாட்ச்மேன். சுரங்கத்தில் அவர் கீழே இறங்கியதே இல்லை, மேலே மெஷின் ரூமில் வேலை. கேட்டதும் சிரித்துவிட்டார்.

"ஒங்கப்பன் மட்டுமா? இந்த ஒரே நெஞ்ச வச்சு ஏழு பேரு கீழ எறங்கினானுங்க பாப்பா. சட்டைய மட்டும் மாத்தினு போயி நிப்பேன்."

கம்பெனி எடுக்கும் எக்ஸ்ரேயில் நுரையீரலில் கறை தெரிந்தால் மேல்வேலைக்கு மாற்றுவார்கள், சம்பளம் குறையும். அதனால் இன்னொருவர் நெஞ்சைக் காட்டிவிட்டு இறங்கினாய். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். உன்மேல் கோபம் வருகிறது, நைனா. அந்தக் கோபம் உன்னோடு நிற்கவில்லை, கம்பெனி மேலும் வருகிறது. நோயைச் சொன்னால் சோறு குறையும் என்றால் எவன் சொல்வான்? என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா?

படத்தைச் சத்தமில்லாமல் திரும்ப வாங்கியிருக்கலாம். அம்மா அதைத்தான் கெஞ்சினாள். "செத்த மனுசன கள்ளன்னு எழுதிக் குடுக்காத."

எழுதினேன். இந்தப் படம் எப்படி வந்தது என்பதுதான் என் ஆராய்ச்சியின் முதல் பக்கம்.

மாமாவிடம் படித்துக் காட்டினேன். "குடு. ஆனா எம்பேரயும் போடு. அவன ஒருத்தன மட்டும் மாட்டிவுடாத." மறுநாள் என்னோடு சிவாஜிநகருக்கு வந்து புது எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார், இந்த முறை தன் பெயரில்.

டாக்டரம்மா இரண்டு படங்களையும் ஜன்னலோரம் சேர்த்துப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அதே எலும்பு, அதே இடத்தில் கூடியிருந்தது. யாரும் சிரிக்கவில்லை. "மத்த ஆறு பேரும் இருக்காங்களா?" என்று மட்டும் கேட்டார்.

மூன்று பேர் இருக்கிறார்கள்.

முடிவு இன்னும் வரவில்லை. காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் மாமாவும் நானும் தங்கவயல் போகிறோம். நிதி வந்தாலும் வராவிட்டாலும் அந்த மூவரையும் அவரவர் பெயரில், அவரவர் நெஞ்சோடு நிற்கவைத்துப் படம் எடுப்பேன்.

உன்னுடையதை எடுக்க முடியாது. அறிக்கையில் உன் பெயரை எழுதி, படத்துக்கான இடத்தைக் காலியாக விடுவேன்.

உன் மகள்,
ஸ்டெல்லா