இளிச்சாரல்

அத்தை, உங்கள் கடைசி நாவல் இன்று டொராண்டோவிலிருந்து வந்தது. பார்சலைப் பிரித்ததும் முகர்ந்து பார்த்தேன். புதுத்தாள் வாசம்தான், உங்கள் வாசம் இல்லை. நீங்கள் கண்ணை மூடி நான்கு மாதம் ஆகிவிட்டது.

"எங்க அத்தை கனடா எழுத்தாளர்" என்று பீற்றிக்கொண்டால், "கன்னடத்துலயா எழுதுதாங்க?" என்று கேட்கிற வகுப்பு என்னுடையது. முதியோர் இல்ல வேலைக்குப் போகவர பஸ்ஸிலேயே நீங்கள் ஆங்கிலத்தில் எழுதிய முதல் புத்தகத்தை நான்கு பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. "அஞ்சாவது அருவியிலதாம்ட்டி தண்ணி விழுந்துச்சு" என்பீர்கள்.

முந்தின சீசனில் நீங்கள் ஊருக்கு வந்திருந்தபோது ஐந்தருவியில் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டு நின்றோம். வெயிலும் அடித்தது, சாரலும் விழுந்தது. நீங்கள் நோட்டை எடுத்தீர்கள்.

"ஏட்டி, வெயிலோட விழுத சாரலுக்கு நம்ம ஊர்ல தனியா ஒரு பேரு உண்டா?"

"இளிச்சாரல்," என்றேன். அந்த நொடியில் முளைத்த சொல். "வெயிலு பல்ல இளிச்சிக்கிட்டே நனைக்குதுல்லா, அதான்."

"அப்படியா!" என்று எழுதிக்கொண்டீர்கள். நான் துண்டுக்குள் முகத்தை மூடிச் சிரித்தேன்.

பொங்கலன்று போனில், அதை நாவலில் வைத்துவிட்டதாகச் சொன்னீர்கள். இப்படி ஒரு சொல்லே கிடையாது என்று எவராவது சொன்னால் உங்கள் பெயரல்லவா கெடும்? பொய்யை நிஜமாக்கிவிடலாம் என்று, வெயிலும் சாரலும் சேர்ந்து வந்தபோதெல்லாம் வீட்டிலும் பள்ளியிலும் அதையே சொல்லித் திரிந்தேன். ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை. உண்மையைச் சொல்லிவிட மூன்று தடவை உங்களுக்குப் போன் போட்டேன். மூன்று தடவையும் நீங்கள் இருமினீர்கள். "உடம்பப் பாத்துக்கோங்க" என்று வைத்துவிட்டேன். நான்காவது தடவை எடுத்தது மாமா.

இன்று நாவலின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். நன்றிப் பட்டியலின் நடுவே ஒரே ஒரு வரி தமிழில் இருந்தது: 'இளிச்சாரல், இருபத்திநாலு வருசம் இலஞ்சியில இருந்த நான் ஒருநாளும் கேக்காத சொல்லு. தந்த களவாணிக்கு நன்றி.'

நீங்களும் இந்த ஊர்க்காரி என்பதையே மறந்து, உங்களிடமே கதை விட்டிருக்கிறேன். இளிச்சவாய் நான்தான், அத்தை.

புத்தகத்தை மடியில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். வெயில் குறையாமலே தூறல் தொடங்கியது. அடுக்களையிலிருந்து அம்மா கத்தினாள்.

"ஏட்டி, இளிச்சாரல் விழுது, கொடில கெடக்க துணிய எடு!"

அம்மா சிரிக்கவில்லை. காலங்காலமாகச் சொல்லி வருகிற சொல்லைப் போலத்தான் சொன்னாள். துணியை எடுக்க ஓடினேன். ஐந்தாவது தடவையாக உங்களுக்குப் போன் போட வேண்டும் போலிருந்தது.