நான் வெளுத்த கொசுவலை

மச்சான்,

புதுக் கொசுவலையின் மருந்து வாசனை இன்னும் மூக்கில் நிற்கிறது. கோவிலம்பாக்கத்தில் என் இஸ்திரி வண்டிக்கு எதிரே எழும்பும் கட்டடத்தின் வாட்ச்மேனுக்கு, போன வெள்ளிக்கிழமை கொசு மருந்துக்காரர்கள் ஒன்று கொடுத்தார்கள். மூன்று வருடம் முன்பு நீ காவல் காத்த இடத்துக்கு அடுத்த மனைதான்.

முதலில் சந்தோஷமான சேதி. எனக்குப் படிக்க வந்துவிட்டது! சர்ச்சுக்குப் பின்னால் மாலை வகுப்பு. 'ழ' மட்டும் இன்னும் சண்டை போடுகிறது. பஸ் கிளம்புவதற்குள் பலகையைப் படித்துவிடுகிறேன். இந்தக் கடிதம் முழுக்க என் கையெழுத்து. ஐந்து நாளாக எழுதுகிறேன். நீ பார்த்திருந்தால் "கெய்வன் கலெக்டர் ஆயிட்டான்டா" என்று சிரித்திருப்பாய்.

உனக்கும் அப்படித்தான் ஒரு வலை வந்தது. லிப்ட் குழியில் தண்ணீர் தேங்கிக் கொசு மொய்த்த மாதம். கொடுத்த பெண் என்னவோ சொன்னாள். கலவை மிஷின் சத்தத்தில் கேட்கவில்லை. உறையில் எழுத்து இருந்தது. நம் இருவருக்கும் அது வெறும் கோடு. நீ வலையை மோந்துவிட்டு என்னிடம் தூக்கிப் போட்டாய்.

"இன்னாயா இப்டி நாறுது! கொசுக்கு முன்னாடி நான் பூடுவேன் போலக்கீது. ஊருத் துணியெல்லாம் வெளுக்கற, இத்த வெளுக்க மாட்டியா?"

வெளுத்தேன். என் தொழில் அல்லவா? கொதிநீரில் சோடா போட்டு ஊறவைத்து, கசக்கி, நீலம் போட்டு, மொட்டை மாடி வெயிலில் விரித்தேன். வாரா வாரம். "ராஜா வூட்டு மெத்த மாரி கீதுயா" என்றாய். வலைமேல் கொசு உட்கார்ந்திருப்பதை இருவரும் பார்த்தோம். உள்ளே வர முடியாமல் தவிக்கிறது என்று சிரித்தோம்.

பிறகு உனக்குக் குளிர் காய்ச்சல். ஒருநாள் விட்டு ஒருநாள் தூக்கிப் போட்டது. கம்பளிக்கு இஸ்திரி போட்டுச் சூடாகப் போர்த்திவிட்டேன். "லீவு போட்டா வேற ஆள வெச்சுடுவான்" என்று ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தாய். நீ என்னைப் பார்த்து யார் என்று கேட்ட அன்றுதான் ஆட்டோவில் ஏற்றினேன். மலேரியா மூளைக்கு ஏறிவிட்டது என்றார் டாக்டர். நாலாம் நாள் உன்னைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள்.

இந்தப் புது வாட்ச்மேனும் "வாசனை தாங்கல அண்ணே, அலசிக் குடுங்க" என்றான். எனக்குப் படிக்கத் தெரியும் என்று காட்டிக்கொள்ள ஆசை. உறையை வாங்கி, எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தேன். சோடா, வெந்நீர் கூடாது. வெயிலில் உலர்த்தக் கூடாது. வலையில் உள்ள கொசு மருந்து போய்விடும்.

"சூப்பரா படிக்கிறீங்கண்ணே!" என்று கை தட்டினான். அவன் தட்டி முடித்த பிறகுதான் நான் படித்தது என் காதில் விழுந்தது.

கொசு வேறெங்காவது வைத்து உன்னைக் கடித்திருக்கும் என்று மனசு வக்காலத்து வாங்குகிறது. இருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் ரயில் ஏறினேன். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் பக்கம் மகளோடு இருக்கும் உன் வீட்டுக்காரியிடம் சொல்லத்தான் போனேன். வாய் வரவில்லை. அவளே பேசினாள்.

"நீங்க வெளுத்துக் குடுத்த வலையிலதாண்ணா அவரு கடசியா நல்லாத் தூங்குனாரு. யாருக்கும் குடுக்கல. பேத்திக்குக் கட்டி வெச்சிக்கீறேன்."

எட்டிப் பார்த்தேன். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதன் கை வலையை ஒட்டிக் கிடந்தது.

சொல்லிவிட்டேன் மச்சான். "அதுல மருந்து இல்லம்மா. நான்தான் வெளுத்து வெளுத்துப் போக்கிட்டேன். அவரு படுத்தப்பவும் இல்ல."

அவள் குழந்தையின் கையை நகர்த்திவிட்டு, நாலு முடிச்சையும் ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். மடித்து நீட்டினாள்.

"எடுத்துக்கினு போங்க."

அண்ணா என்று சொல்லவில்லை. அந்தச் சொல் இல்லாமல் அவள் என்னிடம் பேசியதே கிடையாது.

மறுநாள் மருந்துக்காரர்களிடம் கெஞ்சி ஒரு புது வலை வாங்கிக்கொண்டு போனேன். வாசலில் உறையைப் படித்துக் காட்டினேன். உன் மகள்தான் கேட்டுவிட்டு வலையை வாங்கிக்கொண்டாள். உள்ளே உன் வீட்டுக்காரி நடக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.