கொழுந்து எடுக்காத மலை

பசறை,
சனிக்கிழமை

அன்புள்ள அண்ணனுக்கு,

அந்தச் சிவப்புப் பையில் என்ன இருந்தது என்று அழகரண்ணனிடம் அன்று நான் சொல்லவில்லை. சுகம் விசாரிப்பதற்கு முன் இதை எழுதிவிட வேண்டும்.

நீங்கள் கட்டார் போகுமுன் வரைந்த படத்தைப் பதுளைக் கண்காட்சியில் மாட்டினேன். வெள்ளைப் பூக்களுக்கு நடுவே நான்கு பெண்கள். எல்ல நகரிலிருந்து வந்த ஹோட்டல்காரர் ஒருவர், மல்லிகைத் தோட்டம் அழகாக இருக்கிறது, வரவேற்பறையில் மாட்டலாம் என்றார். பக்கத்தில் நின்ற அழகரண்ணன் சிரித்துவிட்டார். “மல்லிகையா? இது தேயிலப் பூங்க. கொழுந்து எடுக்க ஆளில்லாம விட்ட மலையிலதான் இப்படிப் பூக்கும். எந்தத் தோட்டத்துத் தொரையும் இத மாட்டமாட்டாரு.”

பிறகு கிட்டப் போய்ப் பார்த்தார். முதல் மூவரையும் பெயர் சொல்லி எண்ணினார். மண்சரிவில் கீழ் லயத்து வீடுகளோடு போனவர்கள். நான்காவது பெண் முதுகைக் காட்டி நிற்கிறாள், நீலச் சுவெட்டர் போட்டுக்கொண்டு. “நம்ம பாக்கியத்துக்கு இவுங்ககூட என்னம்மா வேல?” என்றார். “கையில அது என்னா பையி?”

அண்ணன் சும்மா வரைஞ்சிருப்பாருங்க என்றேன்.

மற்ற மூவரையும் நாம் அடக்கம் செய்தோம். பாக்கியலெட்சுமி அக்கா மட்டும் கிடைக்கவில்லை. ஒன்றரை வருஷமாக அழகரண்ணன் கருமாதி செய்ய மறுக்கிறார். மனைவியின் புகைப்படத்தோடு மொனராகலை ஆஸ்பத்திரிவரை போய் விசாரிக்கிறார். எங்கோ நினைவு தப்பிக் கிடக்கிறாள் என்று நம்புகிறார்.

மண் சரிந்த அன்று எல்லாரோடும் வெளியே ஓடிவந்த அக்கா, திரும்பி லயத்துக்குள் போனதைப் பார்த்தவள் நான். “அவருக்கு சுகர் மாத்திர உள்ள கெடக்கு புள்ள” என்றாள். உங்களிடம் மட்டும்தான் சொன்னேன். வரையச் சொல்லவில்லையே, அண்ணா. நீங்கள் அந்தப் பையை அவள் கையிலேயே கொடுத்துவிட்டீர்கள்.

படத்தைக் கழற்றிச் சேலையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. நமது கூரைக்குத் தகரம் இன்னும் வரவில்லை.

விடுமுறைக்கு வரும்போது அவரிடம் நீங்களே பேசுங்கள். தன் மாத்திரைக்காகப் போனாள் என்று தெரிந்தால், அவர் மாத்திரை போடுவதையே நிறுத்திவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. வெயிலில் அதிகம் நிற்காதீர்கள். நீங்கள் நன்றாக வந்து சேர்ந்தால் போதும்.

அன்புத் தங்கை,
துஷ்யந்தி

திங்கள். இன்னும் தபாலில் போடவில்லை. காலையில் அழகரண்ணன் வந்தார். உட்காரவில்லை. “அது ஏ மாத்திரப் பையிதானம்மா?” என்று கேட்டார். ஆமாங்கண்ணே என்றேன். கருமாதி வெள்ளிக்கிழமை.