தையுவைப் பற்றி நீ கேட்ட கேள்விகள்

பிள்ளையார்பாளையம், காஞ்சீபுரம்
பவ வருஷம், மாசி மாதம்

சிரஞ்சீவி குமாரவேலுக்கு அப்பா சபாபதி அநேக ஆசீர்வாதம். ஏகாம்பரநாதர் தயவில் இவ்விடம் சகலரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் தொட்டேன், உன் கடிதம் வந்ததிலிருந்து அந்த ஒரு வரிக்கு மட்டும் கை வரமாட்டேன் என்கிறது. நீ உடம்பைப் பார்த்துக்கொள். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. அண்ணன் பரமசிவம் ஒரு முகூர்த்தப் புடவையைத் தறியில் ஏற்றிவிட்டுச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்காமல் நெய்துகொண்டிருக்கிறான். குழந்தைகளின் மனம் எப்படி வளர்கிறது என்பதற்கு எம்.ஏ. பரீட்சை இருக்கிறது என்று நான் சொன்னால் இந்தத் தெருவில் ஒருவரும் நம்புவதில்லை. பக்கத்து வீட்டுக் கோதண்டபாணி, எங்க வீட்ல ஒரு மந்தையே கீது முதலியாரே, உம்ம புள்ளையை இங்கயே வந்து படிக்கச் சொல்லும்பா, ரயில் சார்ஜாவது மிஞ்சும் என்கிறான். நாலாம் பாரத்தோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான், அவனோடு சேர்ந்து சிரித்து வைத்தேன்.

ஆனால் எனக்கும் சந்தேகம் இல்லாமல் இல்லை. அண்ணன் குழந்தை தையுவைப் பற்றி இத்தனை கேள்வி கேட்டு எழுதியிருக்கிறாயே, அதை நான் கூடத்தில் உட்கார்ந்து வழக்கம்போல் உரக்கப் படிக்க ஆரம்பித்தேன். பாதியிலேயே உன் அண்ணி ரேணுகாம்பாள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஏன் மாமா, எம் பொண்ணு இன்னா பரீட்சையா எழுதப் போவுது, கொழுந்தனாரு யாருக்குக் காட்டறதுக்கு இதெல்லாம் கேட்டுக்கினு இருக்காரு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உன் அம்மா உடனே எழுந்து போய் மிளகாயும் உப்பும் எடுத்துவந்து சுற்றிப் போட்டாள். எனக்கு முதலில் வேறு மாதிரித் தோன்றியது. நீ படிக்கப் போன வங்காளத்தில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டாய், வீட்டாரை இளக வைக்கக் குழந்தைமேல் பாசம் காட்டுகிறாய் என்று நினைத்தேன். அப்படித்தான் என்றால்கூடப் பரவாயில்லை, சொல்லிவிடு, கத்திவிட்டு அடங்கிப் போகிறேன்.

பிறகு தனியாக உட்கார்ந்து உன் கடிதத்தை மறுபடி படித்தேன். பல் முளைத்ததா, சோறு தின்கிறாளா என்று ஒரு வார்த்தை இல்லை. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புகிறாளா, தாய் முகத்தைக் காட்டாமல் பேசினால் தெரிந்துகொள்கிறாளா, இரண்டு வயது ஆகப்போகிறதே ஏதாவது சொல் வந்ததா, எல்லாம் இப்படியே. படிப்பு கம்மியானாலும் வியாபாரத்தில் தலை நரைத்தவன் நான். புடவையை விரித்துப் போட்டதும் வாங்க வந்தவர் திரும்பத் திரும்ப ஒரே இடத்தைத் தடவினால், இழை விட்டுப் போனது அவர் கண்ணில் பட்டுவிட்டது என்று அர்த்தம். பூஜை லீவுக்கு வந்தபோது நீ அவளுக்குப் பின்னால் நின்று கை தட்டியதும், சாவிக்கொத்தைக் கீழே போட்டதும், அன்றைக்குப் பசியில்லை என்று மாடிக்குப் போய்விட்டதும் அப்போது எனக்கு விளையாட்டாகப் பட்டது. இப்போது அப்படிப் படவில்லை.

நேற்று குழந்தையை என்னிடம் விட்டுவிட்டு, உன் அண்ணனையும் தறியிலிருந்து எழுப்பிக்கொண்டு எல்லோரும் அம்பாள் கோயிலுக்குப் போயிருந்த சமயம் நானே பார்த்தேன். குழந்தை தரையில் உட்கார்ந்து அறுந்த ஜரிகைத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தது. பின்னால் போய்த் தையு என்றேன், தாயே என்றேன், பாட்டுக்கூடப் பாடினேன், அது எப்படி இருந்திருக்கும் என்று உனக்குத் தெரியும். கடைசியில் பித்தளைத் தாம்பாளத்தை எடுத்துக் கரண்டியால் ஓங்கி அடித்தேன். பூனை ஓடிற்று, கோதண்டபாணி இன்னாய்யா திருடனா என்று கேட்டுக்கொண்டே ஓடி வந்தான். குழந்தை திரும்பவில்லை. என் நிழல் அவள் கைமேல் விழுந்த பிறகுதான் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். தறிச் சத்தத்திலும் அசையாமல் தூங்குகிறாள், நெசவு வீட்டுக்கென்றே பிறந்தவள் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன் நான்தான். தறி நின்றதும் விழித்துக்கொள்கிறதுதான் நெசவு வீட்டுக் குழந்தை, நீயும் உன் அண்ணனும் அப்படித்தான் வீறிட்டு அழுவீர்கள். இவள் ஓடினாலும் தூங்குகிறாள், நின்றாலும் தூங்குகிறாள், அது இந்தக் கிழவனுக்கு நேற்றுத்தான் உறைத்தது.

இதை வீட்டில் யாரிடமும் நான் சொல்லவில்லை. ரேணுகாம்பாளுக்கு உன்மேல் கோபம், குழந்தையைக் கண் வைத்துவிட்டாய் என்று நினைக்கிறாள். எனக்கு வருத்தம் அதில் இல்லை. அன்றைக்கே உனக்குத் தெரிந்திருந்தும் என்னிடம் சொல்லாமல் ரயில் ஏறினாயா, அல்லது உனக்கே நிச்சயமில்லாமல்தான் கேள்வியாக எழுதினாயா, அதை மட்டும் ஒளிக்காமல் சொல். மதராஸில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருப்பதாகக் கேள்வி. அதற்கு என்ன வயதில் கொண்டுபோக வேண்டும், பேச்சு வருமா, இதற்கெல்லாம் உன் எம்.ஏ. பதில் சொல்லுமானால் நீ படித்தது வீணில்லை என்று கோதண்டபாணியிடம் நானே சொல்வேன்.

நான் நினைப்பது தப்பு என்றால் ஒரு கார்டில் எழுதிப் போடு, கூடத்தில் உட்கார்ந்து எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டுகிறேன். தப்பில்லை என்றால் எழுத வேண்டாம், புறப்பட்டு வந்துவிடு, பெற்றவளிடம் நீதான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லவேண்டும், எனக்கு வாய் வராது. காமாட்சி அம்பாள் உனக்குத் தீர்க்காயுசும் நல்ல புத்தியும் கொடுக்கட்டும். வருவதானால் தந்தி மட்டும் அடிக்காதே, தந்திக்காரனைப் பார்த்தாலே உன் அம்மா அழ ஆரம்பித்துவிடுவாள்.

இப்படிக்கு,
தபால்காரனையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் உன் அப்பா,
சபாபதி